கைப்பிடியிலிருந்து சாவிக்கு: ஸ்டார்ட்டர் மோட்டாரின் வரலாறும் நம் கிள்ளானும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே. மாணவர்களுக்கும் அப்படியே கற்பிக்கின்றோம். ஆனால், நாள்தோறும் காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது நாம் சாவியைத் திருகுகின்ற அந்த இரண்டு வினாடிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் முறிந்த கைகள் உள்ளன. ஓர் ஊர்ப்புறப் பள்ளி ஆசிரியர் இருக்கின்றார். கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களும் இருக்கின்றன. அதனால்தான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரின் வலைப்பூவில் மகிழுந்தின் அடிவயிற்றில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். நம் பாடநூல்கள் 'மகிழுந்து' என்கின்றன. வீட்டிலும் தெருவிலும் நாம் 'காடி' என்கின்றோம். 'ஸ்டார்ட்டர் மோட்டார்' என்பதைத் 'தொடக்கி' என்று தமிழில் சொல்லலாம். ஆயினும் பட்டறையில் போய்த் தொடக்கி பழுதாகிவிட்டது என்றால் யாருக்கும் விளங்காது. ஆகவே இக்கட்டுரையில் ஸ்டார்ட்டர் என்றே எழுதுகின்றேன். தமிழ்ப்பற்றாளர்கள் பொறுத்தருள்க.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். பெட்ரோல் இயந்திரத்திற்கு ஒரு விந்தையான குறை உண்டு. அது தானாக எழுந்து நிற்காது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க வேண்டும்; இழுத்ததை அழுத்த வேண்டும்; பிறகுதான் தீப்பொறி பட்டு வெடித்து ஆற்றல் பிறக்கும். அந்த முதல் இழுப்பையும் முதல் அழுத்தத்தையும் வேறு யாராவது செய்து கொடுத்தாக வேண்டும். நீராவி இயந்திரத்திற்கு இந்தச் சிக்கல் இல்லை. கொதிகலனில் ஆவி சேர்ந்தால் போதும், திறந்துவிட்டால் ஓடும். மின்சார மோட்டாருக்கும் இல்லை. பெட்ரோல் இயந்திரத்தை மட்டும், பள்ளிக்குக் கிளம்பாத பிள்ளையை எழுப்புவதுபோல், ஒவ்வொரு நாளும் எழுப்பிவிட வேண்டியிருந்தது.

தொடக்கக் காலத்தில் எழுப்பிவிட்டது மனிதக் கை. மகிழுந்தின் முன்புறத்தில் ஒரு துளை; அதில் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிக் கிணற்று இராட்டினத்தைச் சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும். சுற்றும் முன்னர், தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும் நெம்பினை முறையாக வைத்திருக்க வேண்டும். அதனை மறந்துவிட்டால், உருளைக்குள் வெடிப்பு முன்னதாகவே நிகழ்ந்து இயந்திரம் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையில் கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டையோ முழங்கையையோ முறித்துவிடும். இதனால், கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டை விரலைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுமாறு அக்கால ஓட்டுநர்களுக்குக் கற்பித்தார்கள். கை தப்பித்து வழுக்கிவிட வேண்டும் என்பதே நோக்கம்.

நம் வட்டாரத்திற்கு மகிழுந்து வந்தது 1896-ஆம் ஆண்டில். சிங்கப்பூரில் பக்லி என்னும் வழக்கறிஞர் ஒரு பென்ஸ் வண்டியை ஓட்டினார். அது எழுப்பிய ஒலியைக் கேட்டு மக்கள் அதனைக் 'காப்பி இயந்திரம்' என்று கேலி செய்தனராம். பின்னர் திருமதி டேர் என்பவர் மகிழுந்து ஓட்டிய முதற்பெண் என்று அங்குப் பெயர் பெற்றார். அவருடைய வண்டியின் எண் எஸ்-1. இவர்களைத் தொடர்ந்து மலாயாத் தோட்டத் துரைமார்களும் வண்டி வாங்கினர். துரை வண்டிக்குள் அமர்ந்திருப்பார். வெயிலில் நின்று கைப்பிடியைச் சுற்றுபவர் சைஸ். இந்தச் சொல்லைச் சற்றே கவனியுங்கள். சைஸ் என்பது குதிரைக்காரனைக் குறிக்கும் சொல். அரபு மொழியில் பிறந்து இந்தியா வழியாக இங்கு வந்தது. குதிரை போய் மகிழுந்து வந்த பின்னும் மலாயாவில் ஓட்டுநருக்கு அதே பெயர் நிலைத்தது. குதிரையின் உதைக்குப் பதில் இயந்திரத்தின் உதை! வேலையின் தன்மை அவ்வளவாக மாறிவிடவில்லை என்றே தோன்றுகின்றது.

கைப்பிடிக்கு மாற்றுத் தேடியவர்கள் பலர். சுருள்வில்லை முறுக்கிவைத்துப் பார்த்தனர். அழுத்தக் காற்றை நம்பினர். அசிட்டிலீன் வாயுவைக்கூட உருளைக்குள் செலுத்திப் பார்த்தனர். மின்மோட்டாரைப் பயன்படுத்தும் எண்ணமும் புதியதன்று. 1896-லேயே இங்கிலாந்தில் ஆர்னல்டு என்னும் வண்டியில் ஒருவர் அதனைப் பொருத்திக் காட்டினார். அமெரிக்காவில் கிளைடு கோல்மன் என்பவர் 1903-இல் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் எதுவும் சந்தையில் நிலைக்கவில்லை. வல்லுநர்கள் சொன்ன காரணம் ஒன்றே: இயந்திரத்தைச் சுழற்றும் அளவுக்கு வலிமையுள்ள மின்மோட்டார், ஏறத்தாழ அந்த இயந்திரத்தின் அளவுக்கே பெரியதாக இருக்கும், அதற்கு வேண்டிய மின்கலங்களை ஏற்றினால் பயணிகள் அமர இடம் இராது.

இவ்விடத்தில் பைரன் கார்ட்டர் என்பவரின் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். இவர் அமெரிக்காவில் மகிழுந்து உற்பத்தி செய்தவர். வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் வண்டியைக் கிளப்பிக் கொடுக்க இறங்கினார் என்றும், கைப்பிடி உதைத்துத் தாடை முறிந்து, அதன் விளைவாக இறந்தார் என்றும், அவருடைய நண்பரும் காடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லீலண்டு இதைக் கேட்டு மனம் நொந்து, இனி என் வண்டிகள் யாரையும் கொல்லக்கூடாது என்று முடிவெடுத்தார் என்றும் சொல்வர். கார்ட்டர் 1908-இல் இறந்தது உண்மை. மற்ற விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன. ஆய்வாளர் சிலர் இக்கதையை முழுமையாக ஏற்பதில்லை. கண்டுபிடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணீர்க் கதையைத் தேடுவது மனித இயல்பு. மாணவர்களுக்குச் சொல்லும்போது "இப்படியும் சொல்கின்றனர்" என்று சேர்த்துச் சொல்வதே முறை. லீலண்டு இத்தகைய ஒரு கருவியை விரும்பினார் என்பதும், அதற்கு அவர் நாடியது சார்லஸ் கெட்டரிங் என்பவரை என்பதும் உறுதியான செய்திகள்.

இந்தக் கெட்டரிங்தான் நம் கதையின் நாயகர். நம் இனத்தவர் என்றுகூடச் சொல்வேன். ஆசிரியர் இனம்! 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். உயர்நிலைப் பள்ளியை முடித்தவுடன் அவர் ஏற்ற முதற்பணி, ஊர்ப்புறப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் பணி. பகலில் பாடம் நடத்திவிட்டு, மாலை வேளையில் மாணவர்களை அழைத்து மின்சாரம், வெப்பம், காந்தம், ஈர்ப்பு விசை ஆகியவற்றைச் செய்து காட்டுவாராம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நமக்கெல்லாம் கூறப்பட்ட 'செய்து கற்றல்' என்பதை, அப்பெயர் தெரியாமலேயே செய்தவர் அவர். கண்பார்வைக் கோளாறு அவரை வாழ்நாள் தொடக்கத்திலிருந்தே துன்புறுத்தியது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் அதனாலேயே படிப்பை இடையில் நிறுத்தித் தொலைபேசிக் கம்பம் நடும் குழுவில் வேலைக்குப் போனார். அங்கு அவர் வகித்த பதவி என்ன தெரியுமா? ஃபோர்மன்! மலாய் மொழியில் பட்டறைக்காரரைப் 'பொமன்' என்கின்றார்களே, அந்தச் சொல்லின் தாய்ச்சொல் இதுதான். மீண்டும் பல்கலைக்கழகம் திரும்பி 1904-இல் மின்பொறியியல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27.

பட்டம் பெற்றவர் டேட்டன் நகரில் கடைகளுக்கான காசுப்பதிவு இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தார். அக்கால இயந்திரத்தில் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டும். 1906-இல் கெட்டரிங் அதற்கொரு சிறு மின்மோட்டாரைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி பலமாக இழுத்துவிட்டு மோட்டார் ஓய்ந்துவிடும். பின்னர், எட்வர்டு டீட்ஸ் என்னும் நண்பருடைய வீட்டுக் களஞ்சியத்தில் சில தோழர்களோடு மாலை நேரங்களில் மகிழுந்துக்கான மின்கருவிகளைச் செய்யத் தொடங்கினார். 1909-இல் டெல்கோ என்னும் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது.

லீலண்டின் வேண்டுகோள் வந்தபோது, மற்ற வல்லுநர்கள் தவறவிட்ட ஒன்றைக் கெட்டரிங் கண்டுகொண்டார். அவர்கள் கணக்கிட்டது நாள் முழுதும் ஓடும் மோட்டாரின் அளவை. ஆனால் வண்டியைக் கிளப்ப வேண்டியது சில வினாடிகளுக்கு மட்டுமே. காசுப்பதிவு இயந்திரத்தில் செய்ததைப்போல், ஒரு சிறிய மோட்டாரில் அதன் தகுதிக்கு மீறிய மின்சாரத்தைச் சில வினாடிகள் பாய்ச்சினால் அது தன் அளவுக்கு மீறிய வலிமையைக் காட்டும். சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும், பிறகு ஆறிக்கொள்ளலாம். அவ்வளவுதான் இரகசியம். நூறு மீட்டர் ஓடுபவனை நெடுந்தொலைவு ஓடுபவனின் அளவுகோலால் அளந்ததே மற்றவர்கள் செய்தது.

இந்தச் செய்தி இன்றும் நமக்குப் பயன்படும். வண்டி கிளம்பாதபோது பலர் சாவியைத் திருகிப் பிடித்தபடியே இருப்பதைப் பார்த்திருக்கின்றேன். ஸ்டார்ட்டர் ஒன்றரை நூறு, இருநூறு ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பது. தொடர்ந்து ஓடப் படைக்கப்பட்டதன்று. பத்து வினாடிக்கு மேல் பிடிக்காமல் விட்டுவிட்டு, சற்று ஆறவைத்து மீண்டும் முயலவேண்டும். 1911-இல் ஒரு முன்னாள் ஆசிரியர் போட்ட கணக்கு இன்னும் நம் வண்டிக்குள் இருக்கின்றது!

ஆம், 1911. அவ்வாண்டு பிப்ரவரியில் கருவி காடிலாக் நிறுவனத்தில் செய்து காட்டப்பட்டது. 1912-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகளில் அது பொருத்தப்பட்டே வந்தது. அதே கருவி வண்டி ஓடும்போது மின்னாக்கியாக மாறி மின்கலத்தை நிரப்பியது, விளக்குகளையும் எரித்தது. இலண்டன் ராயல் ஆட்டோமொபைல் கழகத்தின் டியூவார் கோப்பை இதற்காகக் காடிலாக்குக்கு இரண்டாம் முறை கிடைத்தது. கெட்டரிங்கின் காப்புரிமை 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-இல் வழங்கப்பட்டது. இதே 1911-இல்தான் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனமும் தோன்றியது என்பது ஓர் ஒற்றுமை. அக்குழுமம் பின்னர் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு இணைந்து 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., சென்னை பாடியில் ஸ்டார்ட்டர்களைச் செய்தது. சென்னைக்குச் சென்றவர்கள் பாடிப் பக்கம் 'லூகாஸ்' என்றே ஒரு பேருந்து நிறுத்தம் அழைக்கப்படுவதைக் கேட்டிருக்கலாம்.

பெண்களைப் பற்றி இங்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கைப்பிடிக் காலத்தில் அமெரிக்கச் செல்வக் குடும்பப் பெண்கள் பலர் மின்கல வண்டிகளையே ஓட்டினர்; அவற்றைச் சுற்ற வேண்டியதில்லை. பெட்ரோல் வண்டிகளை இலட்சக்கணக்கில் செய்து குவித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையார் ஓட்டியது எது? டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் மின்கல வண்டி! கணவரின் வண்டியைவிட அதுவே அவருக்கு ஏற்றதாக இருந்தது. ஸ்டார்ட்டர் வந்தபின் பெட்ரோல் வண்டியும் சுற்றாமலே கிளம்பியது. மின்கல வண்டிகளின் தனிச்சிறப்பு மறைந்தது. பெட்ரோலின் மலிவும் சேர்ந்துகொள்ள, அவை மெல்லச் சந்தையிலிருந்து நீங்கின. ஒரு சிறு மின்மோட்டார் தன் உறவினரான பெரிய மின்மோட்டாரை வீட்டைவிட்டு விரட்டிய கதை இது. மற்றவர்கள் இதனைப் 'பெண்களுக்கான வசதி' என்று முதலில் எள்ளினார்கள். பிறகு முறிந்த கை வேண்டாம் என்று ஆண்களும் இதனையே கேட்டு வாங்கினார்கள். ஃபோர்டும் 1919-இல் தம் 'டி' வகை வண்டிக்கு ஸ்டார்ட்டரைச் சேர்த்தார்.

இனி நம் கிள்ளானுக்கு வருவோம். வண்டி பெருகினால் டயர் பெருகும்; டயர் பெருகினால் ரப்பர் வேண்டும். 1910-இல் ரப்பரின் விலை இலண்டனில் இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கிள்ளான், கேரித் தீவு, காப்பார் எனக் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. நம் பாட்டன் பூட்டன்மார் கங்காணிகளின் சொல்லை நம்பிச் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (1972-இல்தான் அது கிள்ளான் துறைமுகம் ஆயிற்று) வந்து இறங்கினர். ஸ்டார்ட்டர்தான் ரப்பர் தோட்டங்களை உருவாக்கியது என்று நான் கூறவில்லை. 1910-ஆம் ஆண்டின் விலையேற்றம் அதற்கு முந்தியது. ஃபோர்டு வண்டியின் மலிவு விலையே பெருங்காரணம். ஆனால், மகிழுந்து ஓட்டுவது முரட்டு ஆண்களின் வேலை என்னும் நிலை மாறி, எவரும் ஓட்டலாம் என்றானதற்கு ஸ்டார்ட்டர் துணைநின்றது. அவ்வாறு அமெரிக்காவில் பெருகிய ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் நான்கு டயர்கள் வேண்டியிருந்தன. அந்த டயர்களுக்கான பாலை அதிகாலை இருட்டில் சீவியவர்களில் நம்மவர்களே பெரும்பாலோர்.

கயிற்றின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். 1930 முதல் 1932 வரையிலான பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் வண்டி விற்பனை சரிந்தது. இங்கு ரப்பர் விலை வீழ்ந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். டெட்ராய்டில் வண்டி கிளம்பாவிட்டால் கிள்ளானில் இலயத்து அடுப்பு எரியாது. இந்தத் தொடர்பை நம் பாடநூல்கள் ஒரே பக்கத்தில் வைத்துச் சொல்வதில்லை; சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இன்னொன்று. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி நாம் அறிவோம். ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. மருத்துவ வசதி இருந்தது. பிள்ளைகளின் கல்வி இருந்தது. அவற்றோடு, துரைமாரையும் அதிகாரிகளையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை! துரை சாவியைத் திருகிக் கிளம்பிய காலத்திலும், அவர் எதிரே வந்தால் நம்மவர் தம் சொந்த மிதிவண்டியில் அமர்ந்து செல்ல முடியவில்லை. போராட்டம் படையைக் கொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். உலகம் ஏறி ஓடிய சக்கரங்களுக்கு ரப்பர் கொடுத்தவர்களுக்கு இரண்டு சக்கரத்தின்மேல் அமரும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னபோது வகுப்பில் ஓசை அடங்கியதை நான் கண்டிருக்கின்றேன்.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. மோரிஸ் மைனர் போன்ற வண்டிகள் ஆசிரியர், கிராணி வீடுகளுக்கும் வந்தன. அவ்வண்டிகளில் ஸ்டார்ட்டரும் உண்டு, அவசரத்திற்குக் கைப்பிடித் துளையும் உண்டு. 1967-இல் ஷா ஆலம் பகுதியில் வால்வோ வண்டிகளைப் பொருத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-இல் அதே ஷா ஆலமில் முதல் புரோட்டோன் சாகா அறிமுகமானது. 1994-இல் கஞ்சில் வந்தபின், தோட்டப்புறத்திலிருந்து நகரத்திற்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவும் முதன்முதலாகச் சொந்தக் காடி வாங்கின. புக்கிட் ராஜா போன்ற தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. தோட்டத்தை இழந்த பிள்ளைகள் பலருக்குத் தஞ்சம் கொடுத்தவை மேரு சாலையிலும் காப்பார் சாலையிலும் உள்ள பட்டறைகள்.

அத்தகைய பட்டறை ஒன்றில்தான், சென்ற ஆண்டு, நான் கெட்டரிங்கை நேரில் சந்தித்தேன் என்பேன். பன்னிரண்டு ஆண்டு உழைத்த என் மகிழுந்து ஒரு நாள் பிற்பகலில் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஓர் ஒலி; அதற்குமேல் ஒன்றுமில்லை. என் முன்னாள் மாணவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கின்றார், அழைத்தவுடன் வந்தார். பேட்டரிதானே போயிற்று என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"டீச்சர், முன்னுக்கு லைட்டப் போடுங்க. போட்டுட்டுச் சாவியத் திருகுங்க. லைட்டு மங்குதான்னு நான் பாக்குறேன்."

விளக்கு மங்கவில்லை. அவர் விளக்கிய முறை என்னைக் கவர்ந்தது. சாவியைத் திருகும்போது விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் மின்கலம் சோர்ந்துவிட்டது, அல்லது அதன் முனைகளில் பூத்த உப்பு மின்சாரத்தைத் தடுக்கின்றது. 'டக்டக்டக்' என்று தொடர்ந்து தட்டினாலும் பெரும்பாலும் அதுவே. விளக்கு பிரகாசமாகவே இருந்து ஒரே ஒரு 'டக்' கேட்டால், மின்சாரம் இருக்கின்றது, மோட்டார்தான் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. 'வ்வ்ர்' என்று மோட்டார் மட்டும் வெறுமனே சுழன்றால் பெண்டிக்ஸ் போய்விட்டது. பிறகு அளவியை வைத்துப் பார்த்தார், மின்கலம் 12.6 வோல்ட்டு காட்டியது. முழுமையாக நிரம்பிய மின்கலத்தின் அளவு அது. அடுத்து, அடியில் படுத்து ஸ்பேனரின் பிடியால் ஸ்டார்ட்டரை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இப்பத் திருகுங்க" என்றார். வண்டி கிளம்பிவிட்டது! "நாளைக்குக் கிளம்பாது, டீச்சர். உள்ள பிரஷ் தேஞ்சு போச்சு. தட்டுனதுல கொஞ்சம் ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

மறுநாள் கழற்றியபோது அருகில் நின்று பார்த்தேன். முதலில் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை விலக்கினார். ஏன் அதனை முதலில் என்று கேட்டேன். வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடலில் பட்டால் பெருந்தீப்பொறி பறக்கும் என்றார். மாட்டும்போது அதே எதிர்முனை கடைசி. வண்டியை ஜாக்கால் தூக்கினாலும் அதனை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளை வைத்த பின்னரே அடியில் சென்றார். தடித்த கம்பி ஒன்று, மெல்லிய கம்பி ஒன்று, நீண்ட திருகாணிகள் இரண்டு. கையில் வந்துவிட்டது ஸ்டார்ட்டர். ஒரு பெரிய தேங்காய் அளவுகூட இல்லை.

மேசையில் பிரித்து வைத்தார். மேலே சிறு உருளையாக ஒட்டியிருந்தது சொலினாய்டு: சாவி அனுப்பும் சிறு மின்சாரத்தால் காந்தமாகி, பெரிய மின்சாரத்துக்கு வழிதிறந்து, பற்சக்கரத்தையும் முன்னே தள்ளுவது. நான் கேட்ட 'டக்' அதன் குரல்தான். முனையில் இருந்த சிறு பற்சக்கரம் இயந்திரத்தின் பெரிய வளையப் பற்சக்கரத்தோடு கோத்துச் சுழற்றிவிட்டு, இயந்திரம் உயிர்பெற்றவுடன் விலகிக்கொள்ள வேண்டும். விலகாவிட்டால் இயந்திரமே மோட்டாரைச் சுழற்றிச் சிதறடித்துவிடும். இதனை எளிய முறையில் தீர்த்தவர் வின்சென்ட் பெண்டிக்ஸ் என்னும் அமெரிக்கர். 1914-ஆம் ஆண்டு வாக்கில் அவர் முறை வண்டிகளில் இடம்பெற்றது. இன்றைய ஸ்டார்ட்டர்களின் அமைப்பு அவருடையதே அன்று. சொலினாய்டும் ஒருவழிப் பிடிப்பும் அவ்வேலையைச் செய்கின்றன. ஆயினும் கிள்ளான் பட்டறையில் அந்தப் பற்சக்கரத்தின் பெயர் இன்றும் பெண்டிக்ஸ்தான். 1945-இல் மறைந்த மனிதர் நம் பொமன்களின் வாயில் வாழ்கின்றார். அவர் ஒரு மனிதரின் பெயர் என்பதை என் மாணவர் அன்றுதான் அறிந்தார், "நெசமாவா டீச்சர்?" என்று இருமுறை கேட்டார்.

கரியால் ஆன நான்கு பிரஷ்களும் தேய்ந்து நகக்கண் அளவாகியிருந்தன. புதிய பிரஷ்களைப் பற்றவைத்து, அவை உரசும் செம்புப் பகுதியை நுண்ணிய உப்புத்தாளால் துடைத்து மீண்டும் பூட்டினார். முழு ஸ்டார்ட்டரையே மாற்றிவிடுவது பலரின் வழக்கம். அது விரைவு, கடைக்கும் ஆதாயம். பிரித்துப் பழுது பார்க்கும் பொறுமை உள்ளவர்கள் குறைந்து வருகின்றனர்.

இந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டில் எங்கள் பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கைதட்டவில்லை. அத்தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது; "படிப்பு ஏறலன்னா பட்டறைக்குப் போ" என்னும் ஏச்சு மட்டும் ஒழியவில்லை. விளக்கைப் போட்டுச் சாவியைத் திருகச் சொன்னபோது அவர் செய்தது என்ன? கருதுகோள் அமைத்து, மாறிகளைப் பிரித்து, சோதித்து, முடிவுக்கு வந்தார். நம் அறிவியல் பாடத்திட்டம் அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பது அதைத்தான். ஐந்தாம் ஆண்டில் மின்சுற்று கற்பிக்கும்போது, மின்கலம், ஆளி, குமிழ்விளக்கு என்று கரும்பலகையில் வரைகின்றோம். அதன் உயிருள்ள வடிவம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கின்றது.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை பட்டறையை நாடினால் தடுக்காதீர்கள். ஆனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஷா ஆலமிலுள்ள மோன்ட்ஃபோர்ட் சிறார் நகரம் போன்ற இடங்களில் முறையாகக் கற்க வழியுண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் எஸ்.கே.எம். இருந்தால், கற்றது கையிலும் இருக்கும் தாளிலும் இருக்கும். சான்றிதழ் இல்லாமல் பத்தாண்டு உழைத்துவிட்டு, வேறிடம் போகும்போது மீண்டும் எடுபிடியாகவே தொடங்கும் இளைஞர்களை நான் அறிவேன். இது பணத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று.

கெட்டரிங் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுத்துறையை 1947 வரை நடத்தினார். நியூயார்க்கின் சுலோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிலையம் அவர் பெயரைத் தாங்குகின்றது. ஈயம் கலந்த பெட்ரோலும் அவருடைய ஆய்வகத்திலிருந்துதான் 1921-இல் வெளிவந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அந்த நஞ்சு உலகின் கடைசி நாட்டுப் பெட்ரோல் நிலையத்திலிருந்து நீங்க 2021 வரை ஆயிற்று. கைகளைக் காத்தவரின் ஆய்வகமே குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்தது. மாணவர்களுக்கு இரண்டையும் சொல்கின்றேன்; எது பெரிது என்று அவர்களே வாதிடட்டும் என்று விட்டுவிடுகின்றேன்.

இப்பொழுது காலம் மீண்டும் திரும்புகின்றது. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் தன் முதல் மின்கல மகிழுந்தான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டது. அதில் ஸ்டார்ட்டர் கிடையாது. கிளாரா அம்மையாரின் வண்டியைப்போல் அதுவும் எழுப்பிவிடத் தேவையில்லாதது. என் மாணவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தெரியும் டீச்சர். வார வாரம் சனிக்கெழம அதுக்கு ஒரு வகுப்புப் போறேன். பெரிய வோல்ட்டு, கை வச்சா உசிரு போயிரும், படிக்காமத் தொட முடியாது" என்றார். வகுப்புக் கட்டணத்தைத் தாமே சேமித்துக் கட்டுகின்றாராம்.

பழைய பிரஷ்களையும், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பயனற்ற ஸ்டார்ட்டர் ஒன்றையும் பள்ளிக்கென்று கொடுத்தனுப்பினார். அது இப்பொழுது எங்கள் அறிவியல் அறையில் இருக்கின்றது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அதன் பற்சக்கரத்தை ஒரு பக்கமாகச் சுழற்றிப் பார்க்கின்றனர். மறுபக்கம் ஏன் சுழலவில்லை என்று சண்டையிடுகின்றனர். கிள்ளான் வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர் எவருக்கேனும் பாடத்திற்கு வேண்டுமாயின் தெரிவியுங்கள், இரவலாகத் தருகின்றேன். கொஞ்சம் கனமானது, கையில் கரி ஒட்டும்.